கழித்த ரோஜாவில் ஒரு தெரு

சித்திரை மாதத்தில் திருநெல்வேலியை விட்டு எங்கே போனாலும் நல்லதுதான். ஆனால் ஓசூர்க் காற்று முகத்தில் பட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எங்கள் ஊரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வேர்த்துக்கொண்டிருக்கும் காலத்தில், இவர்கள் காலையில் போர்வையை விலக்க மனமில்லாமல் படுத்திருக்கிறார்கள். ஒரே மாநிலம், ஒரே மின்வாரியம், ஒரே ரேஷன் அரிசி. காற்றை மட்டும் இப்படிப் பாரபட்சமாகப் பங்கு வைத்தது யார் என்று கேட்கத் தோன்றியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை எழுதுகிறவன் பொறாமைக்காரன். "இவுகளுக்கு அடுத்த வீட்டு முருங்கை காச்சாக்கூட வயிறு எரியும்" என்பாள் என் மனைவி. அவள் சொல்வது சரிதான். இந்தப் பயணத்தில் என் வயிறு எரிந்தது நஸ்ரீனைப் பார்த்து.

நஸ்ரீனும் நானும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்கிறோம். வளங்குன்றா வளர்ச்சியும் சமூக விலக்கலும் என்பது தலைப்பு. எளிதாகச் சொன்னால், ஒரு வட்டாரம் தொழிற்சாலைகளால் மளமளவென்று வளரும்போது அந்த வளர்ச்சி யார் வீட்டு வாசல்வரை வருகிறது, யார் வீட்டுக்கு முன்பே நின்றுவிடுகிறது என்று பார்ப்பது. ஐரோப்பாவில் ஒரு பனி தேசத்துப் பல்கலைக்கழகம் இதில் கூட்டாளி. அங்கிருந்து இங்கிரிட் என்றொரு பேராசிரியர் வருவார், எங்கள் களப்பணியைப் பார்ப்பார், எங்கள் இருவரில் ஒருவரை ஒரு வருடத்துக்குத் தன்னோடு அழைத்துக்கொள்வார் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். நான் வருடக்கணக்காக ஒப்பந்த வேலையில் தேய்ந்தவன். நஸ்ரீன் எனக்குப் பின்னால் சேர்ந்தவர், வயதிலும் இளையவர். தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. போதாக்குறைக்குக் களம் அவருடைய சொந்த மாவட்டம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே என் முகத்தில் தோற்ற களை வந்துவிட்டது.

கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர்தான். ஆனால் அந்த ஊருக்குள் ரயில் கிடையாது. இது தெரியாமல் ரயிலில் பக்கத்தில் இருந்தவரிடம் வழி கேட்டேன். "கிருஷ்ணகிரிக்கா? சாமல்பட்டியில எறங்கிக்கோங்க சார். பஸ்சு வந்துக்கினே இருக்கும்" என்றார். நம்பி இறங்கினேன். சுற்றிலும் வயல், நடுவில் ஸ்டேஷன். பஸ் வந்துகொண்டேதான் இருந்தது, எதுவும் கிருஷ்ணகிரிக்குப் போகவில்லை.

டீக்கடையில் போண்டா போட்டுக்கொண்டிருந்த அம்மா, "பேச்சு வேற தினுசா இருக்குதே, எந்தூரு?" என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன். "அல்வா கொண்டாந்தியா?" என்றார். தமிழ்நாட்டில் எங்கே போனாலும் எங்களுக்கு இந்தக் கேள்வியிலிருந்து விடுதலை இல்லை. கொண்டுவந்திருந்தேன், ஆனால் அது இங்கிரிட் அம்மாவை வளைப்பதற்காக வாங்கியது. இல்லை என்று பொய் சொல்லிவிட்டு இரண்டு போண்டா தின்றேன். போண்டா நன்றாக இருந்தது.

மத்தூர் வழியாக ஒரு பஸ் கிடைத்துக் கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேருந்து நிலையத்தில் நஸ்ரீன் ஸ்கூட்டரோடு காத்திருந்தார், இஸ்திரி கலையாத துப்பட்டாவோடு.

"சாமல்பட்டில ஏன் சார் எறங்குனீங்க? ஓசூர் வழியா ஒரு வண்டி இருக்குதே, அதுல வந்திருக்கலாமே!"

சொந்த ஊர்க்காரர்களுக்கு எல்லாம் சுலபம்.

மறுநாள் ஓசூரில் அறை தேடினோம். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து வந்துபோவது அலைச்சல் என்று அவரும் இங்கேயே தங்க நினைத்தார். ஒரு வீட்டு வாசலில் பலகை தொங்கியது. நஸ்ரீன் அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்து தெலுங்கில் பேசினார். எதிர்முனையில் வீட்டுக்காரர் மகிழ்ந்து போனது எனக்கே கேட்டது. வாடகை சொன்னார், மாடியில் காற்று வரும் என்றார், கடைசியாகப் பெயர் கேட்டார். நஸ்ரீன் பெயரைச் சொன்னார். வீட்டுக்காரர் குரல் மாறியது. "அய்யோ, அது நேத்தே குடுத்துட்டோம்மா."

"நீங்க போய்க் கேளுங்க சார்" என்றார் நஸ்ரீன், சிரித்துக்கொண்டே. போனேன். வீட்டுக்காரர் என் சொந்த ஊரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார், கறி சமைப்பீர்களா என்று கேட்டார், குலதெய்வம் எது என்றுகூடக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவருக்குப் பிடித்த பதில் கிடைத்ததும் சாவியை எடுத்து நீட்டினார். நேற்றே கொடுத்த அறை எனக்காகத் திரும்ப வந்துவிட்டது.

"எடுத்துக்கோங்க சார். நான் வூட்ல இருந்தே வந்துக்கறேன்" என்றார் நஸ்ரீன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்மேல் என்னால் பொறாமைப்பட முடியவில்லை. ஆனால் அந்த அறை வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை. மாடியில் காற்று நன்றாகவே வந்தது.

ஓசூரில் காலை என்றால் பஸ். ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள். ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள், எல்லோரும் ஒரே நிறச் சட்டையில், பாதிப் பேர் தூக்கத்தில். தட்டு இட்லிக் கடையில் என் இலைக்கு வலப்பக்கம் கன்னடம், இடப்பக்கம் இந்தி, கல்லாவில் தெலுங்கு. சாம்பார் இனித்தது. எங்கள் ஊரில் இப்படி ஒரு சாம்பார் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் எங்கள் ஊரில் படித்துவிட்டு வேலையில்லாமல் பாலத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் பையன்கள் ஞாபகம் வந்தது. இங்கே யாரும் பாலத்தின்மேல் உட்காரவில்லை, பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கும் கொஞ்சம் எரிந்தேன்.

நாங்கள் ஆய்வு செய்ய வேண்டிய கிராமம் உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். ராயக்கோட்டை போகும் ரோடு அதை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பக்கம் கோயில், பள்ளிக்கூடம், மாடி வீடுகள், தக்காளித் தோட்டம். பக்கத்தில் இருக்கும் ஒரு கம்பெனி அந்த ஊருக்குக் குடிநீர் நிலையம் ஒன்று கட்டித்தர ஒப்புக்கொண்டிருந்தது. சுத்திகரித்த தண்ணீர், இலவசம். பூமிக்குள்ளிருந்து எடுத்ததில் ஒரு குடம் திருப்பித் தருகிறார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. எப்படியோ, நிலையத்தை எங்கே வைப்பது என்பதை எங்கள் வரைபடம்தான் சொல்ல வேண்டும். இங்கிரிட் வரும் அன்றைக்கே கம்பெனி அதிகாரியும் வந்து வரைபடத்தை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

எங்கள் தொழிலில் ஊர் வரைபடத்தை நாங்கள் வரைவதில்லை. ஊர்க்காரர்களே தரையில் வரைய வேண்டும். கோலமாவு, செங்கல், புளியங்கொட்டை, எதை வைத்தும் வரையலாம். தெரு, கிணறு, குழாய், பள்ளம் எல்லாவற்றையும் அவர்களே வைப்பார்கள். நாங்கள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதிதான் படித்தவர்களுக்குக் கஷ்டம். இன்னொன்றும் உண்டு. யார் கையில் மாவு இருக்கிறதோ அவருடைய ஊர்தான் தரையில் வரும்.

நஸ்ரீன் பள்ளிக்கூடத்தில் வரையலாம் என்றுதான் நினைத்திருந்தார். முன்னாள் ஊராட்சித் தலைவர் முனிராஜ் விடவில்லை. தக்காளியும் கொத்தமல்லியும் போடுகிற பெரிய விவசாயி, நல்ல குரல்.

"பள்ளிக்கூடத்துல என்னாத்துக்கும்மா? வெயிலு. நம்ம கோயில் வாசல்லியே போடுங்க. நிழலு இருக்குது, சிமெண்ட்டுத் தரை."

நஸ்ரீன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் வளைவுக்கு வெளியே நின்றார். "நான் வரலாங்களா?" என்று கேட்டார்.

"என்னாம்மா இது கேள்வி? நீ நம்ம கிருஷ்ணகிரிப் பொண்ணு. வாம்மா, உக்காரு."

முந்தின நாள் ஒரு மாடி அறைகூடக் கிடைக்காதவர், அன்றைக்குக் கோயில் வாசலில் நடுவாக உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சம். பெண்கள் கோலமாவோடு வந்தார்கள். நஸ்ரீன் ஒருவரிடம் தெலுங்கில் கேலி செய்தார், இன்னொருவரிடம் கன்னடத்தில் மருமகளை விசாரித்தார். கலகலவென்று கோயில், பள்ளி, தண்ணீர் டேங்க், கம்பெனி மதில் எல்லாம் தரையில் முளைத்தன. எனக்குக் கொடுத்த வேலை போட்டோ எடுப்பது. கல்யாண வீட்டுக்கு வந்த போட்டோக்காரனைப் போல அங்கே இங்கே குனிந்து நிமிர்ந்தேன். பொறுக்காமல் ரோட்டைத் தாண்டி டீ குடிக்கப் போனேன்.

அங்கே பஸ் நிறுத்தத்தில் பத்திருபது பேர் நின்று கோயில் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்காக நின்றவர்கள் மாதிரித் தெரியவில்லை. பூப்போட்ட புடவையில், கையில் ரப்பர் கையுறையோடு நின்ற ஒரு பெண் என்னிடம் கேட்டார்.

"அங்க என்னா சார் நடக்குது? பூசையா?"

"இல்லம்மா. ஊர் மேப் போடுதாங்க. தண்ணி எங்க வைக்கணும்னு பாக்கதுக்கு. நீங்க போகலியா?"

"இங்கிருந்தே தெரியுது சார்."

"வரக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"வராதன்னு யாரும் சொல்லல. வான்னும் சொல்லல."

அவர் பெயர் மாதம்மா. ரோஜா வளர்க்கும் கிரீன்ஹவுஸில் பூவைத் தரம் பிரிக்கும் வேலை. வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம்தான், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள காலனியில். ஒகேனக்கல் தண்ணீர் ஊருக்குள் இருக்கும் டேங்குக்கு வருகிறது, காலனியின் குழாய்வரை வருவதற்குள் மூச்சு நின்றுவிடுகிறது. அதனால் குடத்தோடு ரோட்டைத் தாண்டி ஊருக்குள் போக வேண்டும். லாரிகள் ஓயாத ரோடு. "போன மாசம் எம் மருமவ லாரிக்கு ஒதுங்கப் போயி, குடத்தோட வுழுந்து காலை ஒடிச்சிக்கினா. இந்தத் தண்ணியாவது இந்தப் பக்கம் வைப்பாங்களான்னுதான் பாத்துக்கினு இருக்கறோம்" என்றார்.

திரும்பிப் போய் வரைபடத்தைப் பார்த்தேன். ஊர் அழகாக இருந்தது. ரோடுகூட இருந்தது, ஓர் ஓரமாக, எல்லைக்கோடு போல. அதற்கு அந்தப் பக்கம் வெறும் சிமெண்ட். காலனியே இல்லை. சமூக விலக்கலை ஆராய வந்தவர் வரைபடத்தில் ஒரு தெருவே விலகிக் கிடந்தது.

உண்மையைச் சொன்னால், என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நஸ்ரீனிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இங்கிரிட் வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். "சூப்பரா வந்திருக்குல்ல சார்?" என்று அவர் கேட்டபோது, "பிரமாதம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை நஸ்ரீன் வீட்டில் சாப்பாடு. அப்பா மாங்காய் வியாபாரி. வீட்டு முன்னறையிலேயே மாங்காய்க் கூடைகள், செந்தூரா ரகமும் பீத்தர் ரகமும் வாசனையில் போட்டி போட்டன. பிரியாணி, தால்ச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி. அம்மா பக்கத்தில் நின்று பரிமாறினார். "வெக்கப்படாம சாப்புடுங்க தம்பி. தனியா ரூமுல என்னாத்த சமைப்பீங்க?" என்று இன்னொரு கரண்டி வைத்தார். அந்த வீட்டின் உப்பைத் தின்றதும் மனசு இளகியது. இப்போதே சொல்லிவிடலாம், கை கழுவிவிட்டு வந்து சொல்லிவிடலாம் என்று எழுந்தேன்.

கை கழுவிவிட்டு வந்தால், அம்மா அலமாரியிலிருந்து ஒரு தடித்த ஸ்வெட்டரை எடுத்துக் காட்டுகிறார். "இவளுக்குக் குளிரு ஆவாது தம்பி. அந்த ஊருல ஐஸ் கொட்டுமாமே, அதான் இப்பவே வாங்கி வெச்சேன்."

நஸ்ரீன் வெட்கப்பட்டு, "அம்மா, இன்னும் யாரும் ஒன்னியும் சொல்லல" என்றார். ஸ்வெட்டரே வாங்கியாகிவிட்டது! நான் வாய்க்குள் வந்ததை ஒரு துண்டு மாம்பழத்தோடு சேர்த்து விழுங்கினேன். அந்தப் பழம் வேறு தேனாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கெலவரப்பள்ளி அணைக்குப் போனேன். மேலே எங்கோ மழை பெய்து தென்பெண்ணையில் தண்ணீர் வந்திருந்தது. ஆனால் தண்ணீரைக் காணோம். நுரைதான் இருந்தது, வெள்ளை வெளேரென்று, ஆள் உயரத்துக்கு. காற்றடித்தால் பொதி பொதியாகப் பிய்த்துக்கொண்டு வயலுக்குள் பறந்தது. கரையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற விவசாயி சொன்னார். "மழ பேஞ்சா மேல ஊருக்காரங்க குளிக்கறாங்க, நுரை எங்களுக்கு. மாடு இந்தத் தண்ணில வாய வெக்காது. பயிருக்குத்தான் வேற வழியில்ல."

அங்கே நின்று தாமிரபரணியை நினைத்துக்கொண்டேன். கடைசியில் எங்கள் ஊர் ஒன்றிலாவது ஜெயித்ததே என்று நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு கொஞ்ச நேரம்தான். எங்கள் ஊர்ச் சாக்கடையும் எங்கே போய் விழுகிறது என்பது எனக்குத் தெரியும்.

நுரையைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. நஸ்ரீனின் தவறை இங்கிரிட் கண்டுபிடிக்கும்வரை நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்? காலனி மக்களை வைத்து நானே ஒரு வரைபடம் போட்டு, கடைசி நாள் எல்லோர் முன்னாலும் எடுத்து வைத்தால்? மாதம்மாவுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. புண்ணியமும் பனி தேசமும் ஒரே டிக்கெட்டில்.

மறுநாள் காலை அந்த உற்சாகத்தில், முன்னால் வந்து நின்ற வெள்ளை பஸ்ஸில் ஏறிவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், என்னைத் தவிர எல்லோரும் பெண்கள், எல்லோர் கழுத்திலும் அட்டை. பஸ் முழுக்க ஒரே சிரிப்பு. ஒரு பெண் மட்டும் பதறிப் போய், "அண்ணாச்சி, இது கம்பெனி பஸ்லா! எங்க ஏறி இருக்கிய?" என்றாள். காதில் தேன் பாய்ந்தது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். இந்தப் பக்கத்துக் குளிரும் பழகிவிட்டது, சாம்பார்தான் பழகவில்லை என்றாள். நான் கம்பெனி வாசலில் இறங்கும்போது, "ஆத்துல தண்ணி கெடக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள். கிடக்கு என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, கொஞ்சம் நடந்து, காலனிக்குப் போனேன். மாதம்மா அன்றைக்கு மதிய ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பெண்கள் கூடிவிட்டார்கள். ஆனால் என்னிடம் மாவு இல்லை, மாவுப் பையை நஸ்ரீன் வைத்திருந்தார். "அதுக்கென்னா" என்று சொல்லி மாதம்மா ஒரு சாக்கை இழுத்து வந்து கொட்டினார். அத்தனையும் ரோஜா. காம்பு வளைந்தது, இதழ் ஓரம் கருத்தது, மொட்டு சின்னதாகப் போனது. ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்ததை ஆட்டுக்குப் போடக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

வீட்டுக்கு ஒரு ரோஜா. சிவப்பு குடியிருக்கும் வீடு, வெளுத்தது பூட்டிய வீடு. காம்புகளை வரிசையாக அடுக்கிக் குழாய்ப் பாதை. மூச்சு நிற்கும் குழாய்க்கு ஒரு கூழாங்கல். மருமகள் விழுந்த இடத்தில் ஒரு முழுப் பூவை வைத்தார்கள். சுடுகாடு, கிரீன்ஹவுஸ், பஸ் நிறுத்தம் எல்லாம் வந்தன. ஊர் மட்டும் வரவில்லை. "ஊரு எங்கம்மா?" என்றேன். ஒருத்தி சுற்றிப் பார்த்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு செங்கல்லைப் போட்டாள். "அதான் ஊரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் நிறையப் போட்டோ எடுத்தேன். முதல் தடவையாக என் வேலை என் வேலையாக இருந்தது.

"இத யாருகிட்ட காட்டுவீங்க சார்?" என்று மாதம்மா கேட்டார்.

"கம்பெனி ஆபீசர் வருவாங்க, வெளிநாட்டு மேடம் வருவாங்க. அவங்க முன்னால வைப்பேன்."

"அந்தப் பாய் வூட்டு மேடம் போட்டது?"

"அது வேற. அதுல உங்க தெரு இல்லம்மா."

மாதம்மாவின் சிரிப்பு போய்விட்டது. "அப்ப ரெண்டு மேப்பா? வேணாம் சார். முந்தியும் இப்புடித்தான் ஆச்சி. எங்களுக்குக் கக்கூசு கட்டித்தரோம்னு ஒரு கம்பெனி வந்திச்சி. ரெண்டு பார்ட்டி வந்து ரெண்டு விதமா எழுதினாங்க. இதுவா அதுவான்னு அவங்களுக்குள்ளியே சண்ட. செரி, பொறவு பாக்கலாம்னு சொல்லிட்டு வேற ஊருக்குப் பூட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒன்னா வந்து சொன்னாத்தான் தண்ணி வரும். இல்லாட்டி இதுவும் ஆட்டுக்குத்தான்."

ரோஜாக்களை வெயில் சுருட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாத கோபம். இந்தப் படங்களை நஸ்ரீன் கையில் கொடுத்தால் அவர் தப்பித்துவிடுவார், எனக்குப் பனி தேசம் இல்லை. கொடுக்காவிட்டால் எனக்கு ஒருவேளை கிடைக்கும், இவர்கள் குடத்தோடு லாரிக்கு ஒதுங்க வேண்டும். என் தொலைபேசி எண்ணை மாதம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

மாலையில் ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நஸ்ரீனிடம் போனை நீட்டினேன். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். டீ ஆடை கட்டிவிட்டது.

"இவங்க எங்க சார் இருந்தாங்க அன்னிக்கு?"

"பஸ் ஸ்டாப்புல. நம்மளப் பாத்துக்கிட்டு."

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல சார்." கண் நிறைந்துவிட்டது. "என்னைய உள்ள கூப்புட்டு உக்கார வெச்சாங்கல்ல. அதுலியே நெறஞ்சி பூட்டேன். எனக்குத்தான மொதல்ல தெரிஞ்சிருக்கணும்?"

எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. டீக்குக் காசு அவர் கொடுத்தார்.

கடைசி நாள். இங்கிரிட் வந்தார், நல்ல உயரம், பருத்திச் சேலை கட்டியிருந்தார். அல்வாப் பொட்டலத்தை நீட்டினேன். ஒரு விரல் நுனி அளவு எடுத்து வாயில் போட்டுவிட்டு, நெய் அதிகம் போல என்று புன்னகைத்தார். நஸ்ரீன் அம்மா கொடுத்தனுப்பிய மாம்பழத்தை மட்டும் முழங்கை வழிய வழியச் சாப்பிட்டார்.

நஸ்ரீன் கூட்டத்தைக் கோயில் வாசலில் வைக்கவில்லை. எல்லோரையும் ரோட்டுக்கே வரச் சொன்னார். ரோட்டுக்கு இந்தப் பக்க மண்ணில் ஊர்ப் பெண்கள் கோலமாவில் ஊரை வரைந்தார்கள். அந்தப் பக்க மண்ணில் காலனிப் பெண்கள் ரோஜாவில் தங்கள் தெருவை வைத்தார்கள். நடுவில் ரோடு ரோடாகவே இருந்தது. கம்பெனி அதிகாரியும் இங்கிரிட்டும் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போகக் காலடி வைத்தார்கள், லாரி ஹாரன் அடித்தது, பின்வாங்கினார்கள். மறுபடி வைத்தார்கள், மறுபடி ஒரு லாரி. இதைத்தான் தினமும் குடத்தோடு செய்கிறார்கள் என்று நஸ்ரீன் சொன்னார். நிலையத்தைக் காலனிப் பக்கமே வைக்கலாம் என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

முனிராஜ்தான் முகம் சிவந்து நின்றார். "ஊருக்குள்ள வெக்காம அந்தப் பக்கம் வெச்சா எப்புடிம்மா?" என்றார். நஸ்ரீன் அவரிடம் மெதுவாகத் தெலுங்கில் ஏதோ சொன்னார். முனிராஜ் ரோஜாத் தெருவைத் திரும்பிப் பார்த்தார். "செரி, வெச்சிக்கோங்க. எங்களுக்குத்தான் டேங்குத் தண்ணி வருதே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஊர்க்காரர்களில் சிலர் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "என்னைய வாசல்ல உக்கார வெச்சீங்க, இவங்கள எங்க உக்கார வெப்பீங்கன்னு கேட்டேன் சார். அவ்ளோதான்." அந்த ஒரு வாக்கியத்தை எனக்குத் தெலுங்கில் மட்டுமல்ல, தமிழிலும் கேட்கத் தெரிந்திருக்காது.

அதோடு விட்டாரா? எல்லோர் முன்னாலும் இங்கிரிட்டிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "முதல் வரைபடத்தில் இந்தத் தெருவே இல்லை. தவறு என்னுடையது. கண்டுபிடித்து இவர்களோடு உட்கார்ந்து இதைச் செய்தவர் இவர்." என்னைக் கைகாட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெருந்தன்மையைத் தாங்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இங்கிரிட் என் கையைக் குலுக்கினார். நல்ல கண் உங்களுக்கு என்றார். பிறகு நஸ்ரீன் பக்கம் திரும்பி, தன் தவறை இப்படி நடுரோட்டில் நின்று சொல்லக்கூடிய ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். தீர்ந்தது கதை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அந்தத் தவறு என் கையில் நடந்திருந்தால் ஒப்பந்தமே போயிருக்கும்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் மிச்ச அல்வா முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். இது ஓசூர் வழி வண்டி, சாமல்பட்டி வழியில் வரவில்லை. வந்திருந்தால் அந்த போண்டா அம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்திருப்பேன்.

நஸ்ரீன் இப்போது அங்கே இருக்கிறார். அவ்வப்போது படம் அனுப்புகிறார். அந்த ஸ்வெட்டர்தான், பின்னால் பனி. ஒரு படத்தில் பல்கலைக்கழகச் சுவரில் ரோஜாத் தெரு பெரிதாகத் தொங்குகிறது, கீழே என் பெயர். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துப் பிழைகூட இல்லை.

போன வாரம் ஒரு புது எண்ணிலிருந்து போன். மாதம்மா.

"சார், தண்ணி வந்திரிச்சி! எங்க பக்கமே வெச்சிட்டாங்க. எம் மருமவதான் மொதக் கொடம் புடிச்சா."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. நிஜமாகவே சந்தோஷம். நல்லா இருங்கம்மா என்றேன்.

"சார், அந்த மேடம் நம்பரு எங்கிட்ட இல்ல. நீங்க மறக்காம சொல்லிடுங்க. அவங்க மட்டும் இல்லாட்டி எங்களுக்குத் தண்ணியே வந்திருக்காது. காலனியே அவங்களத்தான் சொல்லிக்கினு இருக்குது."

"கண்டிப்பா சொல்லுதேம்மா" என்றேன்.

இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை வெளியானால் நஸ்ரீன் எப்படியும் படித்துவிடுவார். அப்போது தெரிந்துகொள்ளட்டும்.